பரிசலில் வந்த பங்காளி

போன மாதம் பேத்தி என்னை ஒகேனக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனாள். லீவு விட்டுவிட்டால் அவளுக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் வீட்டில் கால் தரிக்காது. ஒரு மலையில் ஏறுவார்கள், ஒரு ஆற்றில் துடுப்புப் போடுவார்கள், திரும்பி வந்து ஒரு வாரம் உடம்பு வலி என்று படுத்திருப்பார்கள். என்னையும் பரிசலில் ஏற்றி, ஆரஞ்சு நிறத்தில் தடித்த சட்டை ஒன்றை மாட்டிவிட்டார்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. பரிசல்காரர் "ஆடாம உக்காருங்க தாத்தா" என்று அதட்டினார். நான் எங்கே ஆடினேன்? குனிந்து பரிசலின் அடியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன தாத்தா, தலை சுத்துதா?" என்று பேத்தி பயந்துபோனாள்.

தலை சுற்றவில்லை. எனக்கு வேண்டிய நாற்றம் அந்தப் பரிசலில் இல்லை, அவ்வளவுதான். பிளாஸ்டிக் சாக்கைப் போர்த்தி மேலே தார் பூசியிருந்தார்கள். எங்கள் காலத்துப் பரிசல் எருமைத்தோல் போர்த்தியது. ஊறிய தோல், மூங்கில் பத்தை, எப்போதோ ஏற்றிப்போன மீன், ஆடு, வெல்ல மூட்டை எல்லாம் சேர்ந்து ஒரு வாடை அடிக்கும். முதல் தடவை மோந்தால் குடல் புரளும். அதற்குப் போய் ஏங்குகிறானே இந்தக் கிழவன் என்று நீங்கள் சிரிக்கலாம். அந்த வாடை வந்தால் எனக்குப் பழனிசாமி வந்துவிடுவான். அதுதான் சங்கதி.

பழனிசாமி என் அத்தை மகன். மல்லசமுத்திரத்தில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவன். அவன் என்னை மாப்பிள்ளை என்பான், நான் அவனை மச்சான் என்பேன். அப்போது யுத்தக் காலம். பெட்ரோல் கிடையாது. பஸ்ஸுக்குப் பின்னால் அடுப்பு மாதிரி ஒரு உருளையைக் கட்டி, கரியைப் போட்டு, கண்டக்டர் வேர்க்க விறுவிறுக்கக் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வெள்ளை வேட்டியில் பஸ் ஏறினால் இறங்கும்போது கொல்லன் பட்டறையிலிருந்து வந்தவன் மாதிரி இருப்பேன். அந்த லட்சணத்தில்தான் வாத்தியார்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு டிராயிங் மாஸ்டர். ஆத்தூர்க்காரர். அவருக்குச் சுற்றுகிற பைத்தியம். இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில் துரைகள் மூட்டையைக் கட்டிக்கொண்டு மலையேறுவதையும், ஓடம் விடுவதையும் படமாகப் பார்த்திருக்கிறார். அதிலிருந்து தலையில் ஒரு தக்கைத் தொப்பி. "நம்ப ஜில்லாவுல இல்லாத மலையா சார், ஆறா சார்? லீவு வுட்டதும் கெளம்புறோம்" என்று மாசி மாதத்திலிருந்தே நச்சரிப்பு. எங்கள் ஊரில் அப்போது மலையேறுகிறவன் கோயிலுக்குப் போகிறவன், அல்லது விறகுக்குப் போகிறவன். சும்மா ஏறிவிட்டுச் சும்மா இறங்குகிறேன் என்றால் வீட்டில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள்.

துணைக்குப் பழனிசாமியைக் கூப்பிட்டேன். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். "வாரேன் மாப்பிள்ளை. ஆனா ஒண்ணு. மொதல்ல உங்க மலை. அடுத்தாப்ல நாஞ் சொல்ற ஆறு. மாட்டேன்னு சொல்லக்கூடாது" என்றான். டிராயிங் மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். ஒரே லீவில் மலையும் ஆறும்!

கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஏற்காட்டுக்குப் பழைய ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். மோட்டார் ரோடு வளைந்து வளைந்து போக, இது குறுக்கே நெட்டுக்குத்தாக ஏறும். விடியக் கருக்கலில் கிளம்பினோம். கொஞ்ச தூரத்துக்குள் டிராயிங் மாஸ்டருக்கு மூச்சு வாங்கிவிட்டது. நின்றால் மானம் போய்விடும் என்று, ஒவ்வொரு திருப்பத்திலும் "ஆகா, என்னா ஒரு காட்சி!" என்று இடுப்பில் கை வைத்து நிற்பார். நாங்களும் மரியாதைக்குக் காட்சியைப் பார்ப்போம். பாதி மலையில் எங்கிருந்தோ பலாப்பழ வாசம் அடித்தது. இன்றைக்கும் பலாப்பழம் நறுக்கினால் எனக்குக் கெண்டைக்கால் வலிக்கிற மாதிரி இருக்கும்.

மேலே ஒரு பாறையில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரித்தோம். கீழே சேலம் முழுக்கத் தெரிந்தது. டிராயிங் மாஸ்டர் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பழனிசாமி வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒரு பக்கம் பொண்ணு பேசறாங்க மாப்பிள்ளை. ஆத்துக்கு அக்கரைல. கொடுமுடிக்குக் கொஞ்சம் மேல. பேரு பாவாயியாம்."

"நல்லதுதானே மச்சான்?"

"நல்லதோ கெட்டதோ, எப்படித் தெரியும்? பாக்காம எப்படித் தெரியும்?"

இப்போது உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். அப்போது எங்கள் பக்கம் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது கிடையாது. பெரியவர்கள் போவார்கள், பார்ப்பார்கள், பேசுவார்கள். அவன் முகூர்த்தத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். முன்னாலேயே பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னால் அவனுக்கு என்னவோ கோளாறு என்பார்கள்.

"எங்க அண்ணன் தாலி கட்டற வரைக்கும் பாக்கல. கட்டுன பொறவு அண்ணனும் அண்ணியும் மொகங் குடுத்துப் பேசி நான் பாத்ததில்ல. ஒரே ஊட்டுக்குள்ள ரெண்டு பேரும் அசலூராளுக மாதிரி. எனக்கு அந்தப் பொழப்பு வேண்டா மாப்பிள்ளை. ஒருக்கா பாத்தாப் போதும். சிரிக்கற புள்ளையா, சிடுசிடுங்கற புள்ளையான்னு தெரிஞ்சாப் போதும்" என்றான். சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. கேலி செய்ய வாயெடுத்த நான் புளிச்சோற்றை அவன் பக்கம் தள்ளினேன்.

ஆறு எதற்கு என்று புரிந்துவிட்டதல்லவா? காலையில் பெண்கள் எல்லாரும் துறைக்கு வருவார்கள். நாங்கள் பரிசலில் சும்மா போகிற மாதிரி போக வேண்டும். அவன் ஒரு பார்வை பார்த்துக்கொள்வான். கேட்டால், மூன்று பேர் லீவுக்கு ஆறு சுற்றிப் பார்க்க வந்தவர்கள். டிராயிங் மாஸ்டரின் தொப்பியைப் பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள்.

கொக்கராயன்பேட்டையில் தெரிந்த பரிசல்காரர் ஒருவரிடம் பரிசல் வாங்கினோம். கொடுமுடித் துறையில் அவர் மச்சினனிடம் விட்டுவிட வேண்டியது. அவன் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரையோடு நடந்து கொண்டுவந்து சேர்த்துவிடுவான். பரிசலுக்கு அதுதான் வழக்கம். போகும்போது அது ஆளைச் சுமக்கும், வரும்போது ஆள் அதைச் சுமப்பான். தூரத்தில் பார்த்தால் கரைமேல் ஒரு பெரிய காளான் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

கோடைத் தண்ணீர். மேட்டூரில் அணை கட்டின பிறகு கோடையில் ஆறு இப்படித்தான், இங்கே ஒரு மடு, அங்கே ஒரு மணல் திட்டு. பரிசல் தட்டும்போதெல்லாம் இறங்கித் தூக்கிக்கொண்டு நடந்தோம். மணல் உள்ளங்காலைப் பொசுக்கியது. மடுவில் ஏறி உட்கார்ந்தால் டிராயிங் மாஸ்டர் துடுப்பைப் பிடுங்கிக்கொள்வார். பத்திரிகையில் துரைகள் பக்கவாட்டில் துடுப்புப் போட்டிருக்கிறார்கள். அது நீள ஓடம். பரிசல் உருண்டை. முன்பக்கம் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்தால்தான் போகும். இவர் பக்கத்தில் போட, அது செக்கு மாதிரி நின்ற இடத்திலேயே சுற்றியது. "சார், கொடுங்க சார், கும்பிடறேன்" என்று பழனிசாமி கெஞ்சினான். "பழகிக்கிட்டிருக்கேன்யா!" என்றார் அவர்.

ஊர் நெருங்கும்போது பழனிசாமி ஒரு யோசனை சொன்னான். "யாராச்சும் என்ன கூட்டமுன்னு கேப்பாங்க. நான் பொண்ணு ஊட்டுக் கூட்டத்துப் பேரையே சொல்லிப்போடறேன்."

டிராயிங் மாஸ்டருக்குப் புரியவில்லை. "கூட்டம்னா என்னா சார்?"

எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்குள் பல கூட்டம் உண்டு, ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள் எந்த ஊரில் இருந்தாலும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை, அதற்குள் பெண் கொடுப்பதும் இல்லை எடுப்பதும் இல்லை என்று நான் பாடம் நடத்தினேன். எதிரே ஒரு ஆள் வந்தால் பேரைக்கூட அப்புறம்தான் கேட்போம். கூட்டத்தைத்தான் முதலில் கேட்போம்.

"அதான் மாப்பிள்ளை. பங்காளின்னு சொல்லிப்போட்டா, மாப்பிள்ளைப் பையன் வந்திருக்கான்னு எவன் நெனப்பான்? கனாவுலகூட நெனைக்கமாட்டான்" என்று பழனிசாமி தொடையைத் தட்டினான். எனக்கும் சரியான மூளை என்றுதான் பட்டது. மூன்று பேரில் இரண்டு பேர் வாத்தியார்கள். ஒருவருக்காவது அடுத்த படி தோன்றியதா? இல்லை. (கூட்டத்துப் பெயர்களை இங்கே எழுத மாட்டேன். இன்றைக்கும் அந்தப் பெயரில் ஊர் ஊராக வீடுகள் இருக்கின்றன. எனக்கு வம்பு வேண்டாம்.)

துறை வந்தது. பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பழனிசாமி சட்டையை இழுத்துவிட்டு, மீசையைத் தடவி, பார்வைக்குத் தயாரானான். அந்த நேரம் பார்த்து டிராயிங் மாஸ்டர் துடுப்பை வாங்கி ஒரு இழுப்பு இழுத்தார். பரிசல் சுற்ற ஆரம்பித்தது. பழனிசாமிக்குத் துறை வரும், போகும், வரும், போகும். முகத்தைத் திருப்பித் திருப்பி அவன் கழுத்துச் சுளுக்கிக்கொண்டது. துறை முழுக்கச் சிரிப்பு. பரிசல் ஒரு பாறையில் மோதி, தோல் கிழிந்து, தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. முழங்கால் தண்ணீரில் மூன்று பேரும் நின்றோம். தொப்பி தனியாகக் கொடுமுடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

எருதுகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஓடிவந்து பரிசலை இழுத்துக் கரையில் போட்டார். எங்களுக்கு அடிபடவில்லை என்று தெரிந்ததும் கேட்டார்: "எந்த ஊருங்க சாமி? என்ன கூட்டமுங்க?"

என்னுடையதை நான் உள்ளபடி சொன்னேன். என்னை யாரும் அங்கே மாப்பிள்ளையாகக் கேட்கவில்லை. பழனிசாமி ஆத்தூர்ப் பக்கம் பூமி வாங்கிப் போனவன் என்று ஊரை மாற்றி, கூட்டத்தையும் மாற்றிச் சொன்னான். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. குலதெய்வத்தைக் கேட்டார். கல்யாணப் பேச்சில் பெண் வீட்டுக் குலதெய்வம் அவன் காதில் விழுந்திருந்தது. அதையும் பட்டென்று சொன்னான். "அடடே! நம்ம பங்காளியல்லோ! ஊட்டுக்கு வாங்க சாமி. தோலு காயறதுக்குப் பொழுது மசங்கிரும். சோறு உங்காம போகப்படாது" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

துறையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பாவாயீ! அண்ணன் வந்திருக்காங்க, ஊட்டுக்குப் போயி ஒலை வையி!"

பழனிசாமி என் கையை நசுக்கியது இன்னும் எனக்கு வலிக்கிறது. அவர்தான் நாச்சிமுத்துக் கவுண்டர், பெண்ணின் அப்பா. அவளோ, துறையில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தவள். ஈரச் சேலையை முறுக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். கறுப்பு. மூக்குத்தி. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல், "வாங்கண்ணா" என்றாள்.

வீட்டில் கம்மஞ்சோறும் கொள்ளுப் பருப்பும், கட்டித் தயிரும். நான் வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். டிராயிங் மாஸ்டர் கொள்ளுப் பருப்பு எப்படிச் செய்வது என்று விசாரித்தார். பழனிசாமிக்குச் சோறு இறங்கவில்லை. பாவாயி விடவில்லை. "இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்கண்ணா. ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுச் சோறு புடிக்கலீங்களா?" அவளுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஒரு தம்பி இருந்து குழந்தையிலேயே போய்விட்டானாம். அப்பாவும் மகளும் மட்டும்தான்.

"பொங்க நோம்பிக்கு எல்லாத்துக்கும் அண்ணந்தம்பி சீர் கொண்டாருவாங்க. நான் மட்டும் வாசல்ல நின்னு பக்கத்தூட்டுக்கு வர்ற கரும்பப் பாத்துட்டு இருப்பனுங்க. இனி எனக்கும் ஆத்தூர்ல ஒரு அண்ணன் இருக்காங்கன்னு சொல்லிக்கலாமுங்களா?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். கேட்டு முடிக்கும்போது விளையாட்டில்லை. பழனிசாமி தலையை ஆட்டிவைத்தான். வேறென்ன செய்வான்?

கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுத்தார் நாச்சிமுத்துக் கவுண்டர். கிளம்பும்போது அவள் இலையில் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தாள். ஆற்றில் வெகுதூரம் வந்த பிறகுதான் டிராயிங் மாஸ்டர் பேசினார். "அருமையான பொண்ணுய்யா. உடனே முடிச்சுடு."

"எப்படிங்க முடிக்கறது?" என்றான் பழனிசாமி. "சிரிக்கற புள்ளதான். எனக்கு நெம்பப் புடிச்சுப்போச்சு. ஆனா அண்ணான்னு கூப்பிட்டுட்டாளே!"

ஊருக்கு வந்தால் அவன் வீட்டில் ஒரே சந்தோஷம். கோயிலில் உட்கார்ந்து சகுனம் கேட்டிருக்கிறார்கள். கவுளி நல்ல திசையில் சொல்லிவிட்டது. கவுளி என்றால் பல்லி. அது சரியென்றால் எங்கள் பக்கம் அப்பீல் கிடையாது. உப்புச் சர்க்கரை மாற்ற, அதாவது நிச்சயம் செய்ய, நாள் பார்த்துவிட்டார்கள். டிராயிங் மாஸ்டர், "சும்மா இருந்துடு. தாலி கட்டின அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. மாப்பிள்ளை நிச்சயத்துக்குப் போகிற வழக்கம் இல்லை. முகூர்த்தம் வரைக்கும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பழனிசாமி இரண்டு நாள் தோட்டத்துச் சாளைக் குடிசையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் என்னிடம் வந்தான். "மணவறைல நிமிந்து பாத்து அந்தப் புள்ள பேயறைஞ்சாப்ல ஆயிருவா மாப்பிள்ளை. என்ற மூஞ்சியப் பாத்தா அவளுக்குச் சிரிப்பு வரோணும். பயம் வரக்கூடாது. நான் போயிச் சொல்லிப்போடறேன். நீ கூட வா" என்றான்.

இந்தத் தடவை ஒழுங்காகத் துறைப் பரிசலில் ஏறி, பரிசல்காரர் துடுப்புப் போட, அக்கரைக்குப் போனோம். நாச்சிமுத்துக் கவுண்டர் கிணற்று மேட்டில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். "அடடே, ஆத்தூர்ப் பங்காளி!" என்று எருதுகளை நிறுத்தினார். பழனிசாமி மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஊர், பேர், கூட்டம், வந்த காரணம், ஒன்றையும் மறைக்கவில்லை.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ற ஊட்டுல உக்காந்து, என்ற சோத்தத் தின்னுபோட்டு, என்னையவே பங்காளின்னு ஏய்ச்சயா?" என்று சாட்டையை ஓங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தால் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! "தொப்பிக்காரர எங்கடா காணோம்?" என்று கேட்டுவிட்டு, அப்படியே மேட்டில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "செரி உடு சாமி. நீயா வந்து சொன்னே பாரு, அது போதும். ஆத்தோட வந்தது ஆத்தோட போகட்டும். புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாம்."

எங்களுக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பழனிசாமி காலே தரையில் படவில்லை.

பாவாயி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா!" என்று குண்டாவைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அப்பா அவளை நிறுத்தி விஷயத்தைச் சொன்னார். "இந்தப் பையந்தான் மல்லசமுத்திரத்து மாப்பிள்ளை. வெளையாட்டுப் புத்தில பொய் சொல்லிப்போட்டான். எனக்குச் சங்கடம் ஒண்ணுமில்ல. உனக்கு எப்படி கண்ணு?"

அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள். நான் வெட்கம் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருக்கிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது.

"பொய் சொன்னது அவிய. நான் நெசமாத்தானுங்கப்பா கூப்பிட்டேன்" என்றாள். "கூப்பிட்ட வாயி எப்படிங்க மாத்திக் கூப்பிடும்? துறைல எல்லார்கிட்டயும் எனக்கு அண்ணன் இருக்காங்கன்னு சொல்லிப்போட்டேன். என்னால ஆகாதுங்க."

நாச்சிமுத்துக் கவுண்டர் ஏதோ சொல்லப் போனார். அவள் பழனிசாமியையே பார்த்தாள். "அண்ணனா வர்றதுன்னா எப்ப வேணும்னாலும் வாங்க. நான் வேண்டாங்கமாட்டேன்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இதென்ன பிடிவாதம், ஒரு சொல்லுக்குப் போய், கவுளியே சரியென்று சொல்லியிருக்கும்போது! பழனிசாமி கோபப்படவில்லை. முகம் ஒரு மாதிரி ஆகி, "செரி அம்மிணி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். அம்மிணி என்று எங்கள் பக்கம் மகளை, தங்கையைத்தான் கூப்பிடுவோம். திரும்பி வரும்போது பரிசலில் துண்டைத் தலையில் போட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். தை பிறந்தது. பொங்கல் நோம்பிக்கு முதல் நாள் என் வீட்டு வாசலில் கரும்புக் கட்டோடு நிற்கிறான். கூடையில் பச்சரிசி, வெல்லம், வாழைத்தார், ஒரு சுங்குடிச் சேலை. "அக்கரைக்குப் போயிட்டு வந்தர்றேன் மாப்பிள்ளை" என்றான். போய்விட்டும் வந்தான். துறையில் அவள் காத்துக்கொண்டிருந்தாளாம். கரும்பை அவளே தோளில் தூக்கிக்கொண்டு, ஊர்ப் பெண்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்று சுற்றுவழியில் நடந்து போனாளாம். சொல்லும்போது அவனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது.

பாவாயியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள். அவள் கல்யாணத்தில் அண்ணன் செய்ய வேண்டியதை எல்லாம் அவன்தான் செய்தான். அவள் பிள்ளைகளுக்கு அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அவள் அப்பா வழி உண்மையான பங்காளிகள் முணுமுணுக்காமல் இல்லை. நாச்சிமுத்துக் கவுண்டர் ஒரே போடாகப் போட்டுவிட்டார்: "பங்காளின்னு அவன் வாயால சொன்னான். நான் ஒத்துக்கிட்டேன். உங்களுக்கு என்ன நோவுது?" பழனிசாமியும் பிறகு கல்யாணம் செய்துகொண்டான். பார்க்காமல்தான். நல்ல மனுஷி. நோம்பிக்கு நோம்பி அவளே கூடையை எடுத்துவைத்து, "போயிட்டு வாங்க, உங்க தங்கச்சி துறையப் பாத்துக் கண்ணு பூத்துப் போயிருப்பா" என்று கிண்டல் செய்வாள். அவர்கள் வீட்டில் பேச்சுக்கும் சிரிப்புக்கும் குறைவில்லை. பாவாயியைக் கட்டவில்லை என்ற குறை அவனுக்கு இருந்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

டிராயிங் மாஸ்டர் மாற்றலாகிப் போனார். எங்கேயாவது ஒரு மலைத் திருப்பத்தில் காட்சி பார்த்துக்கொண்டு நின்றிருப்பார், பாவம்.

பாவாயி இறந்துபோன செய்தி வந்தபோது பழனிசாமிக்குக் கண் மங்கிவிட்டது, நடை தள்ளாட்டம். மகன்கள், "நீங்க வர வேண்டாமுங்கப்பா, நாங்க போய்க்கறோம்" என்றார்கள். கேட்கவில்லை. சேலைக் கடைக்கு அவனே வந்தான். துணியைத் தடவிப் பார்த்து, முந்தானையைக் கண்ணருகே பிடித்துப் பார்த்து, நாலைந்தை வேண்டாம் என்று தள்ளி, ஒன்றை எடுத்தான். இறந்துபோன பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிச் சேலை, அதாவது புதுச் சேலை, வர வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். நாங்கள் போனபோது பந்தலில் எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

"பொறந்த ஊட்டுக் கோடி வந்துருச்சு, வழி உடுங்க" என்று ஒரு குரல் சொன்னது. கூட்டம் விலகியது. அவன் குனிந்து சேலையை அவள்மேல் விரித்துப் போட்டான். ஒரு ஓரம் மடிந்துகொண்டது. அதை நீவி நீவிச் சரிசெய்துகொண்டே இருந்தான். போதும் என்று யாரோ தோளைத் தொட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அந்த வீட்டிலிருந்து பார்த்தால் ஆறு தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தவன், "நான் கட்டியிருந்தா அவளுக்குக் கோடி போட ஆரு வந்திருப்பா மாப்பிள்ளை? அவளுக்குத்தான் கூடப் பொறந்தது ஆருமே இல்லையே" என்றான். ஒரு ஆயுசுக்கு அவன் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த மழைக்குள் அவனும் போய்விட்டான். இப்போது அங்கே தடுப்பணை கட்டித் தண்ணீரைத் தேக்கியிருக்கிறார்கள். துறை, துவைகல், எங்கள் தோலைக் கிழித்த பாறை எல்லாம் அடியில் போய்விட்டன. எருமைத்தோல் பரிசலை நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. கரையில் நடக்கும் காளானும் இல்லை. பாலத்தின் மேல் பஸ் போகும்போது எட்டிப் பார்ப்பேன். பச்சைத் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. தை மாதத்தில் அந்தக் கரையில் கரும்புக்காக யாரும் நிற்பதில்லை.